கணக்கைத் தீர்க்குமுன்



தேவிகாபுரத்தில் பட்டு நெசவு செய்விக்கும் அன்பர் ஒருவர் நம்மைக் காண வந்தார். சிறிய வியாபாரம், ஒரு கடை, அதைச் சார்ந்து வீடுகளில் ஓடும் சில தறிகள். கடையில் பதினோரு ஆண்டுகளாக ஒரு கணக்குப்பிள்ளை. நெசவாளருக்குப் பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பதும், நெய்து வரும் சேலையை எடைபோட்டு வாங்கி ஏட்டில் எழுதுவதும் அவர் வேலை. ஓராண்டாக எடையில் பிழை, ஏட்டிலும் பிழை. "சாமி, அவரை அனுப்பிவிட வேண்டும். தீபாவளி விற்பனை முடிந்ததும் ஆள்விட்டுச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

இது முதலாளியின் நட்டம் மட்டுமன்று. கொடுத்த நூலின் எடையும் வந்த சேலையின் எடையும் ஒவ்வாவிடில், நெசவாளர் நூலை எடுத்துக்கொண்டார் என்ற பழி எழும், கூலியிலும் பிடிப்பார்கள். குடும்பமே பாவு பிணைத்து, தார் சுற்றி உழைத்த கூலி அது. ஆகவே, இரக்கத்தின் பெயரால் அப்படியே விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டோம்: "இப்பிழைகளை அவரிடம் சொன்னீர்களா?" அன்பர் தயங்கினார். முகம் சுளித்ததுண்டாம், ஏட்டைத் தாமே திருத்தியதுமுண்டாம், உட்கார வைத்துச் சொன்னதில்லையாம்.

கனி தராத அத்திமரத்திற்கு ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரனை லூக்காஸ் 13-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவன் வெறும் தவணை கேட்கவில்லை. கொத்தி எருப்போடுவதாகவும் சொன்னான். அதன் பின்னும் கனி தராவிடில் வெட்டலாம் என்றும் அவனே ஒப்புக்கொண்டான். (இந்தக் கடைசிப் பகுதியைப் பிரசங்கத்தில் நாம் விட்டுவிடுவது வழக்கம்.)

அன்பர் பேசினார். கணக்குப்பிள்ளையின் பார்வை மங்கியிருந்தது. சொன்னால் வேலை போகுமென்று மறைத்திருந்தார். கண்ணாடி வாங்கித் தந்து மூன்று மாதம் தவணையும் கொடுத்தார் அன்பர். ஏடு சீரானது. எடைப் பிழை நிற்கவில்லை.

இனி அனுப்புவதே வழி என்றானபோது, எப்படி அனுப்புவது? 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தெளிவாயிருக்கிறது. ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி விலக்கலாகாது. ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது ஒரு மாதச் சம்பளம் தரவேண்டும். ஒழுக்கக்கேடு காரணமாயின் முன்னறிவிப்பு வேண்டியதில்லை; ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். இங்கேதான் சோதனை. 'கையாடினான்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் ஒரு மாதச் சம்பளம் மிச்சம் என்று எண்ணுவோர் உண்டு. அது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவம். ஆரணி வட்டாரத்துக் கடைகளில் அச்சொல் நுழைந்துவிட்டால் அம்மனிதருக்கு வேறெங்கும் தராசு கிடைக்காது.

முன்பணப் பாக்கியும் இருந்தது. முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டி வைப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது. அதே கடனைக் காட்டி ஒருவரை வெறுங்கையாய் அனுப்புவதைப் பற்றி என்ன சொல்வது? ஆறாண்டு உழைத்தவனை ஏழாம் ஆண்டில் விடுவிக்கும்போது மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாய்க் கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறது உபாகமம் 15-ஆம் அதிகாரம். அன்பர் இதை இருமுறை வாசித்தார். பாக்கியைத் தள்ளிவிட்டார்.

யார் சொல்வது என்பதில் மட்டும் அவர் மனம் சுணங்கியது. மகன் சொல்லட்டுமே என்றார். நாமும் முன்பு ஒரு பங்கில், சரிவரச் செய்யாத சமையற்காரருக்கு உபதேசியார் மூலம் சொல்லியனுப்பினோம். திரும்பி வந்தபோது சாவி வாசற்படியில் இருந்தது, ஆளைக் காணோம். ஆறாண்டு நமக்குச் சோறு போட்டவர். அன்பரிடம் இதைச் சொன்னோம். மரியன்னையை மறைவாக விலக்கிவிட நினைத்த சூசையப்பரையும் நினைவூட்டினோம். அவர் எண்ணியது தவறு. ஆயினும் ஒருவரை ஊரறிய அவமானப்படுத்த அந்த நீதிமான் மனங்கொள்ளவில்லை.

நெசவாளர் வராத ஒரு காலையில், கடையின் உள்ளறையில், அன்பர் தாமே சொன்னார். காரணத்தை மறைக்கவில்லை, பழைய பிழைகளை அடுக்கவுமில்லை. ஒரு மாதச் சம்பளம், பதினோரு ஆண்டுக்கான பணிக்கொடை, நாணயமானவர் என்று ஒரு கடிதம். கணக்குப்பிள்ளை கடிதத்தை மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெல்லப் படித்தாராம். பிறகு, மாலையில் சேலை கொண்டுவரும் இருவரின் பெயரைச் சொல்லி, அவர்கள் ஏட்டை வேறொருவர் மறுபடி பார்க்கட்டும் என்றாராம்.

அடுத்த ஞாயிறு இருவரும் பூசைக்கு வந்திருந்தார்கள். தூரத் தூரத்தான் நின்றார்கள். வேறுவிதமாய் இருக்கும் என்று நாமும் எதிர்பார்க்கவில்லை.