வாகனம் இல்லாத பாதையும் வளவு இழந்த குடும்பங்களும்

ஐக்கிய அமெரிக்காவின் ரெனசி மாநிலத்தில், ஸ்மோக்கி மலைகளின் நடுவே கேட்ஸ் கோவ் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. நாற்புறமும் காடு மூடிய மலை, நடுவில் பரந்த புல்வெளி, அதைச் சுற்றி 11 மைல் நீளமான ஒருவழிப் பாதை. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை புதன்கிழமைகளில் அந்தப் பாதையில் மோட்டார் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. அன்று சைக்கிளில் வருபவர்களுக்கும் நடந்து வருபவர்களுக்கும் மட்டுமே இடம். முன்னர் புதன், சனி ஆகிய இரு நாட்களிலும் காலை 10 மணி வரையே இருந்த இந்த ஒழுங்கு, 2020 முதல் புதன்கிழமை முழுநாளாக மாற்றப்பட்டது. சுற்றுப்பாதை தார் போட்டது. பள்ளத்தாக்கைக் குறுக்கறுத்துப் போகும் ஸ்பார்க்ஸ் ஒழுங்கையும் ஹயற் ஒழுங்கையும் இன்றும் கிரவல்தான்.

அகன்ற ரயர் பூட்டி, காற்றைச் சற்றுக் குறைத்து, கிரவல் பாதைகளில் சைக்கிள் ஓடுவது மேற்கு நாடுகளில் இப்போது பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்றே தனியாகச் சைக்கிள் செய்து விற்கிறார்கள். நம்மவர்களுக்கு இதைக் கேட்கச் சிரிப்பு வரலாம். 1990களில் எரிபொருளுக்குத் தடை இருந்த நாட்களில் நெல்மூட்டை, விறகு, நோயாளி, இடம்பெயர்ந்தவர்களின் சட்டிபானை எல்லாமே வன்னியின் கிரவல் றோட்டுகளில் சைக்கிளில்தானே போயின! அவர்கள் காசு கொடுத்துத் தேடிப்போகும் குலுக்கம் எமக்கு வேண்டியதற்கு மேலாகவே கிடைத்தது.

ஆனால் இது சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய விடயமல்ல. அந்தப் பள்ளத்தாக்குக்கு வருடமொன்றுக்குச் சுமார் 20 இலட்சம் பேர் வருகிறார்கள். கரடியோ மானோ தென்பட்டால் கார்கள் வரிசையாக நின்றுவிடும். வாரத்தில் ஒரு நாளாவது அந்த இரைச்சலை நிறுத்தியது நல்ல வேலை என்பதே என் கருத்து. ஒரு நிலத்தை இவ்வளவு மெதுவாகப் பயன்படுத்தும் வேறு பொழுதுபோக்கைச் சொல்வது கடினம். நான் கேட்க விரும்புவது வேறு கேள்வி. அந்த இடத்துக்கு இந்த அமைதி எப்படி வந்தது?

அங்கே ஒரு கிராமம் இருந்தது. ஜோன் ஒலிவர், லுக்ரீசியா என்ற தம்பதியர் 1818இல் அங்கு குடியேறினர். முதல் மாரிக்குச் செரோக்கி இன மக்கள் கொடுத்த பூசணி வற்றல்தான் அவர்கள் உயிரைக் காத்தது என்று அந்த வழியினர் சொல்லி வந்திருக்கிறார்கள். அப்படிக் கொடுத்த செரோக்கி மக்களில் சுமார் 16,000 பேர் 1838, 1839ஆம் ஆண்டுகளில் படைபலத்தால் மேற்கே துரத்தப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலும் ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள். ஆகவே இந்தக் கதையில் முதலாவதாக வளவு இழந்தவர்கள் ஒலிவர் குடும்பத்தார் அல்ல. இதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியாகாது.

1850இல் பள்ளத்தாக்கில் 685 பேர் வாழ்ந்தனர். சோளம் விளைந்தது, மா அரைக்கும் ஆலை இருந்தது, தேவாலயங்கள் எழுந்தன. 1833இல் தபாற்கந்தோர் வந்தது. 1890களில் தொலைபேசிக் கம்பியும் வந்தது. பின்னர் 1926இல் அம்மலைகளைத் தேசிய பூங்காவாக்க அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. உங்கள் காணிகளைத் தொடமாட்டோம் என்று பள்ளத்தாக்கு மக்களுக்கு முதலில் சொல்லப்பட்டது. ஆனால் 1927இல் கட்டாயச் சுவீகரிப்புக்கு வழிசெய்யும் சட்டத்தை ரெனசி சட்டசபை நிறைவேற்றியது. 1934இல் பூங்கா அமைந்தது. இரு மாநிலங்களிலுமாக 1,200க்கு மேற்பட்ட காணிச் சொந்தக்காரர்கள் வெளியேற நேர்ந்தது.

முதற் குடியேறியவரின் பெயரையே கொண்ட அவரது வழித்தோன்றல் ஜோன் ஒலிவர், தபால் விநியோகித்தவரும் சபையின் போதகருமாவார். அவர் பல வருடங்கள் நீதிமன்றுகளில் வழக்காடித் தோற்றார். 1937ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் வளவை விட்டுப் போனார். வேறு சிலர் குறைந்த விலையை ஏற்றுக்கொண்டு, தமது சொந்த நிலத்திலேயே குத்தகைக்காரராகத் தங்கினர். வேட்டையாட முடியாது, மரம் தறிக்க முடியாது. 1944இல் பாடசாலை மூடப்பட்டது. 1947இல் தபாற்கந்தோர் மூடப்பட்டது. கடைசியாக எஞ்சியிருந்த விவசாயி கேர்மிற் கோகன் 1999இல் இறந்தார்.

இதிலே என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. பூங்கா நிர்வாகம் மரக்குற்றி வீடுகளைக் காத்து வைத்தது. பலகை அடித்துக் கட்டிய பிற்கால வீடுகளில் பலவற்றை இடித்துவிட்டது. இன்று சைக்கிளில் சுற்றி வருபவர் காண்பது, பெரும்பாலும் உலகம் அறியாத பழங்கால மலைவாசிகளின் குடிசைகள் போன்றவற்றையே. தொலைபேசி வைத்திருந்த, பத்திரிகை வாசித்த, வழக்காடத் தெரிந்த விவசாயிகள் அங்கே வாழ்ந்தார்கள் என்பது கண்ணுக்குப் படாது. காணியை எடுப்பது ஒரு இழப்பு. அதில் இருந்தவர் எப்படிப்பட்டவர் என்ற நினைவையும் எடுத்து மாற்றிவிடுவது அதற்கு மேல் இன்னொன்று.

மலையின் தென்பக்கத்தில், வட கரோலைனா மாநிலத்தில் நடந்தது இதனிலும் கசப்பானது. இரண்டாம் உலகப் போரின்போது அலுமினிய உற்பத்திக்கு மின்சாரம் வேண்டும் என்று பொன்ரானா அணை கட்டப்பட்டது. 480 அடி உயரம். 1942இல் தொடங்கி 1944இல் முடித்துவிட்டார்கள். ஏறக்குறைய 1,300 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட புதைகுழிகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. நீர்த்தேக்கத்தின் வடகரையில் சில ஊர்கள் மூழ்கவில்லை, ஆனால் அவற்றுக்குப் போகும் றோட்டு மூழ்கிவிட்டது. அந்த 44,000 ஏக்கரும் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. விற்க மறுத்த சிலரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1946இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ந்தது. அங்கே இருபதுக்கு மேற்பட்ட சேமக்காலைகள் அப்படியே விடப்பட்டன.

மூழ்கிய றோட்டுக்குப் பதிலாகப் புதிய றோட்டுப் போட்டுத் தருவதாக 1943இல் எழுத்தில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. மத்திய அரசு, மாநில அரசு, மாவட்டம், அணை கட்டிய அதிகாரசபை ஆகிய நான்கு தரப்பும் கையொப்பமிட்டன. ஆனால் அதில் ஒரு வாசகம் இருந்தது: போர் முடிந்தபின் பாராளுமன்றம் பணம் ஒதுக்கினால். அந்த "ஒதுக்கினால்" என்ற சொல்லில்தான் எல்லாம் போயிற்று. ஆறேழு மைல் போட்டு, மலையைக் குடைந்து சுமார் 1,200 அடிச் சுரங்கமும் வெட்டியபின், 1970களின் தொடக்கத்தில் வேலை நின்றுவிட்டது. வெட்டிய பாறையிலிருந்து கசிந்த அமிலம் ஓடைகளைக் கெடுத்தது என்பது உண்மையான காரணம். சூழல் ஆர்வலர்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் ஊரவர் அதற்கு "எங்கும் போகாத றோட்டு" என்று பெயர் வைத்ததிலும் பிழையில்லை. 2010இல் றோட்டுக்குப் பதிலாக 5 கோடி 20 இலட்சம் டொலர் என்று இணக்கம் காணப்பட்டு, கடைசிப் பகுதி 2018இல்தான் கிடைத்தது. 75 வருடங்கள்! அந்தப் பணமும் மாவட்டத்துக்கு உரியது, இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அல்ல.

அக்குடும்பங்கள் விட்டுவிடவில்லை. 1978இல் சங்கம் அமைத்துக் கேட்டார்கள். அன்று முதல் பூங்கா நிர்வாகமே அவர்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்து, வாகனத்தில் சேமக்காலைகளுக்குக் கொண்டுபோகிறது. கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூ வைத்து, பாட்டுப் பாடி, கொண்டுபோன சாப்பாட்டைச் சேர்ந்து உண்டு திரும்புகிறார்கள். நமது ஊர்களில் கார்த்திகை மாதக் கல்லறைத் திருநாளைப் போன்றதுதான்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்லவேண்டும். வாகனத்தை நிறுத்துவது நல்லது. ஆனால் 80 வயதுப் பாட்டியை அவருடைய தாயின் கல்லறைக்குக் கொண்டுபோகும் வாகனத்தையும், கரடி பார்க்க வரும் காரையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. எந்தக் காட்டிலும் பாதை மூடப்படும்போது, அப்பாதையில் பிறந்தவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கவேண்டும். அது சலுகையாக அல்ல, ஒப்பந்தத்தில், திகதியோடும் பணத்தோடும் இருக்கவேண்டும்.

ஸ்மோக்கிப் பூங்காவின் 5 இலட்சத்து 20 ஆயிரம் ஏக்கரில் நூற்றுக்கு 95 பங்கு இன்று காடு. ஆனால் அதில் பெரும்பகுதி மரக் கம்பனிகள் தறித்தும் விவசாயிகள் உழுதும் வந்த நிலத்தில் மீண்டும் வளர்ந்ததே. நிலத்தை எண்பது வருடம் விட்டால் அது பெருங்காடாகத்தான் தோன்றும். எம் பக்கத்தில் இருபது வருடமே போதுமாயிருந்தது. 2009இல் போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலர், தம் வளவில் பற்றைக்காடும் அதற்குள் காட்டு எல்லைக் கல்லும் நிற்கக் கண்டார்கள். காட்டைக் காப்பது வேண்டும். மழைக்கும் குளத்துக்கும் அது வேண்டும். ஆனால் எது ஆதிக்காடு, எது ஆள் இல்லாததால் மூடிய தோட்டம் என்று பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே கிணறு வெட்டியவர்கள்தான், அவர்களோ முதுமை அடைந்துவிட்டார்கள்.

ஆகவே இன்னும் திரும்பாத குடும்பங்களுக்கும், திரும்பியும் வளவுக்குள் போகமுடியாத குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தால் நல்லது. தொலைந்திருந்தாலும் இந்த மாதமே வீட்டிலுள்ள முதியவரை இருத்தி எழுதுங்கள். கிணறு எந்தப் பக்கம், கட்டா துலாவா, எல்லையில் நின்ற மரங்கள் எவை, அயலவர் யார், வாய்க்கால் எங்கிருந்து வந்தது, யார் யாரை எங்கே அடக்கம் செய்தீர்கள், எந்த ஒழுங்கையால் வண்டில் போனது. பாடசாலைக் கொப்பி ஒன்று போதும். எழுதியவரும் சொன்னவரும் திகதியிட்டுக் கையொப்பம் வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.