சுவர் எழுப்பிய கல்லறையில் உயிர்ப்பு விழா

2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. கத்தோலிக்கக் கோயில்களில் அந்த ஆண்டு அன்றைக்கு உரிய நற்செய்தி வாசகம் லாசரின் கதை. செத்து நான்கு நாளான ஒருவனை இயேசு கல்லறையிலிருந்து வெளியே அழைக்கிறார். அதே நாளில்தான் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் வன்னியர் கிறித்தவர்கள் தலித் கிறித்தவர்களின் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. வன்னியர் கிறித்தவர் இருவர் இறந்தனர். ஈஸ்டருக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது.

எறையூர் தலித் மக்கள் அப்படி என்ன கேட்டுவிட்டார்கள்? கோயிலில் சரிசமமான இடமில்லை, எங்கள் பிணம் பொதுத்தெரு வழியே போக முடியவில்லை, எங்கள் கல்லறை தனியாகக் கிடக்கிறது, இனியும் இந்த அவமானம் வேண்டாம், எங்களைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்றார்கள். சேர்ந்திருக்கவும் விடவில்லை, பிரிந்து போகவும் விடவில்லை. பிரிந்துபோனால் யாரைப் பார்த்து நாம் மேல்சாதி என்பது என்ற கவலை அவர்களுக்கு.

லாசரின் கதையில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. செத்தவனை எழுப்ப வல்ல இயேசு, கல்லறை வாயிலில் இருந்த கல்லைத் தானே அகற்றவில்லை. சுற்றி நின்றவர்களை அகற்றச் சொல்கிறார். எழுந்து வந்தவனின் கட்டுகளையும் அவர்களைத்தான் அவிழ்க்கச் சொல்கிறார். உயிர் கொடுப்பது என் வேலை, கல்லைப் புரட்டுவது உங்கள் வேலை என்பதுதான் அதன் பொருள். நம்மூர்த் திருச்சபையோ கல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் முன்னால் நின்று அல்லேலூயா பாடிக்கொண்டிருக்கிறது.

ஈஸ்டர் மறையுரைகளைச் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறேன். உள்ளத்தின் கல்லைப் புரட்டுங்கள், கவலை எனும் கல்லறையிலிருந்து எழுங்கள், குடும்பத்தில் புதுவாழ்வு மலரட்டும் என்பார்கள். எல்லாம் உள்ளத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். உள்ளத்துக்கு வெளியே நிஜமான கல்லறையில் நிஜமான சுவர் நிற்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறித்தவர்களின் புதைகுழிகளைப் பிரித்து நிற்கும் சுவர் எத்தனையோ முறை செய்தியாகிவிட்டது. அதை இடிக்கக் கோரிப் போராட்டங்களும் நடந்துவிட்டன. சுவர் இல்லாத ஊர்களில் ஒரு வேலியோ, ஒரு வாய்க்காலோ, எல்லாருக்கும் தெரிந்த ஒரு வரப்போ அதே வேலையைச் செய்கிறது. அதை உடையுங்கள் என்று ஓர் ஈஸ்டர் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

இதைக் கேட்டால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். "ஆன்மீகத்தில் நாம் எல்லாரும் ஒன்றுதான். இது சமூக வழக்கம், மெல்ல மெல்லத்தான் மாறும்." என் சண்டை இந்தப் பதிலோடுதான். ஏனென்றால் இது உயிர்ப்பையே மறுதலிக்கும் பதில்.

ஆன்மா அழியாது என்பது கிறித்துவத்தின் தனிச்சொத்து அல்ல. பிளேட்டோ அதைச் சொன்னார். நம்மூர் வேதாந்தியும் சொல்கிறார். தொடக்கக் கிறித்தவர்கள் சொன்னது வேறு. உடல் எழுந்தது என்றார்கள். ஆணி பாய்ந்த தழும்போடு எழுந்தது, தோமா விரல் வைத்துப் பார்க்கும்படி எழுந்தது, ஏரிக்கரையில் கரி நெருப்பில் மீன் சுட்டுக் கொடுத்தது என்றார்கள். படித்த கிரேக்கர்கள் கேட்டுச் சிரித்தார்கள். ஆனாலும் அவர்கள் உடலை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நம்பிக்கையால்தான் கத்தோலிக்கத் திருச்சபை 1963 வரை பிணத்தை எரிக்க அனுமதிக்காமல் புதைக்கச் சொன்னது. கல்லறை அதற்கு வெறும் நிலமல்ல. உயிர்த்தெழக் காத்திருக்கும் உடல்களின் இடம். விசுவாச அறிக்கையில் இன்றும் ஞாயிறுதோறும் இதைச் சொல்கிறார்கள்.

சாதி எங்கே இருக்கிறது? அதுவும் உடலில்தான் இருக்கிறது. யார் யாரைத் தொடுவது, யார் கையால் யார் உண்பது, யார் யாரோடு மணப்பது, யார் பக்கத்தில் யாரைப் புதைப்பது. ஆன்மாவுக்குத் தீட்டு உண்டு என்று எந்தச் சாதிவெறியனும் சொன்னதில்லை. அவன் தீட்டு என்பது உடலைத்தான். எனவே உடலின் உயிர்ப்பை அறிக்கையிடும் ஒரு மதம், ஆன்மாவில் சமம் உடலில் பிரிவு என்று பேசும்போது, தன் மையமான நம்பிக்கையைச் சாதியிடம் அடகு வைத்துவிடுகிறது. தலித் உடலும் வன்னியர் உடலும், பறையர் உடலும் வெள்ளாளர் உடலும் இறுதி நாளில் ஒரே எக்காளத்துக்கு எழும் என்று நம்புகிறவன் நடுவில் எதற்குச் சுவர் கட்டுகிறான்? எழுந்த பிறகும் அவரவர் பக்கமாகவே போய்விட வேண்டும் என்றா?

இந்த ஏமாற்றுக்கு நானூறு வயது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, பூணூலும் குடுமியும் சாதி ஆசாரமும் சமூக வழக்கங்கள்தாம், மதம் அல்ல என்று வாதிட்டார். 1623இல் ரோம் அதற்கு ஒப்புதல் தந்தது. பார்ப்பனரை மதம் மாற்றும் ஆசையில் செய்த ஏற்பாடு அது; பார்ப்பனர் பெருந்திரளாக வரவில்லை, சாதி மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. திருநெல்வேலி வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரிந்த கோயிலையே கட்டினார்கள். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரே அப்பத்தை உண்ணலாம்! பிறகு தடுப்பு அகற்றப்பட்டபோது வெள்ளாளக் கிறித்தவர்கள் எங்கள் உரிமை போயிற்று என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1745இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றது இதே வடக்கன்குளத்தில்தான். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும்போது பெயரின் பின்னால் இருந்த ‘பிள்ளை’யை வத்திக்கான் எடுத்துவிட்டது. அதற்கும் பலர் எழுதி, மன்றாடி, வாதாட வேண்டியிருந்தது.

இது கத்தோலிக்கர் பிரச்சினை என்று சீர்திருத்தச் சபையார் நழுவ வேண்டாம். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் சபையைவிட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவைவிடச் சாதி பெரிது என்று அன்றே வெளிப்படையாக வாக்களித்தவர்கள் அவர்கள். இன்று நாம் உருகி உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றார் என்று சபைப் பாடகர் குழுக்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. சாதி ஆசாரத்தின் பக்கம்தான் நின்றார்.

வழக்கம் மெல்ல மாறட்டும் என்பவர்களுக்குப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தை நினைவூட்ட விரும்புகிறேன். உயிர்த்த இயேசுவோடு உண்டு குடித்த சாட்சி பேதுரு. அந்தப் பேதுருவே அந்தியோக்கியாவில், யூதரல்லாத கிறித்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சில பேர் வந்ததும் எழுந்து தனியே போய் உட்கார்ந்துகொள்கிறார். பயம். பவுல் அவரைத் தனியறைக்குக் கூப்பிட்டுப் பக்குவமாகப் பேசவில்லை. எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். முதல் திருத்தந்தை என்று போற்றப்படும் ஒருவரைப் பந்தி பிரித்ததற்காகப் பொதுவில் கண்டித்த செய்தி வேதத்திலேயே இருக்கிறது. நம் ஆயர்கள் ஓர் ஊர் நாட்டாமையைக் கண்டிக்க எத்தனை தலைமுறை எடுத்துக்கொள்கிறார்கள்?

இயேசுவின் சாவையும் ஒரு முறை நம்மூர்க் கண்ணால் பார்க்க வேண்டும். நகர வாசலுக்கு வெளியே கொன்றார்கள். ஊருக்கு வெளியே என்பதன் பொருள் சேரியில் பிறந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை. அரசு கொன்ற குற்றவாளியின் உடலுக்குக் கல்லறை கொடுத்தவர் அரிமத்தியா யோசேப்பு. பணக்காரர், யூதத் தலைமைச் சங்க உறுப்பினர். தனக்கென்று வெட்டி வைத்த புதுக் கல்லறையைக் கொடுத்தார். அந்த யோசேப்பு நம் பங்குகள் சிலவற்றில் இருந்திருந்தால், பங்குப் பேரவை கூடி, மேட்டுத்தெருக் கல்லறையில் இவனை எப்படிப் புதைக்கலாம் என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டிருக்கும். உயிர்ப்பு நடக்க இடமே கிடைத்திருக்காது.

அண்ணல் அம்பேத்கர் கிறித்துவத்துக்கு மாறியவர்களின் நிலை பற்றி எழுதும்போது வைத்த குற்றச்சாட்டு இன்றும் சுடுகிறது. உன் வீழ்ச்சிக்குக் காரணம் உன்னை அழுத்தும் சமூகம் அல்ல, உன் பாவம்தான் என்று போதித்து, அநீதியை எதிர்க்கும் உந்துதலையே சபை வற்றவைத்துவிட்டது என்றார். பெரிய வெள்ளியன்று அழுது, ஈஸ்டரன்று புதுச்சட்டை போட்டுத் திங்கட்கிழமை பழைய தெருவுக்குத் திரும்பும் நம் பக்திக்கு இதைவிடச் சரியான விமர்சனம் இல்லை.

இதையெல்லாம் வெளியில் எழுதாதே, சங்கிகளுக்குத் தீனியாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த அச்சத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி இந்து அல்லாதவரைப் பட்டியலினத்திலிருந்து வெளியேற்றியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவ தலித்துக்கும் இசுலாமிய தலித்துக்கும் இன்றுவரை திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். எங்களை அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயாது. கிறித்துவத்தில்தான் சாதி இல்லையே, உனக்கு எதற்கு இட ஒதுக்கீடு என்று நீதிமன்றத்தில் கேட்பவனும், கிறித்துவத்திலும் சாதி இருக்கிறதே, தாய்மதம் திரும்பு என்று தெருவில் அழைப்பவனும் ஒரே ஆள்தான்.

ஆனால் சூசை வழக்கை நினைத்துப் பாருங்கள். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த தொழிலாளி. பட்டியலினத்தாருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1985இல் உச்சநீதிமன்றம் சொன்னது: மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டு. ஆதாரமா இல்லை? கல்லறைக்குக் கல்லறை சிமெண்டிலும் செங்கல்லிலும் திருச்சபையே கட்டி வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஆம் நாளைக் கருப்பு நாளாகக் கடைப்பிடித்து, தலித் கிறித்தவருக்குப் பட்டியலின உரிமை கொடு என்று தில்லியைப் பார்த்துக் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை, நானும் பதாகை பிடித்திருக்கிறேன். தில்லி தர மறுப்பதைக் கேட்கும் அதே வாய், தன் கல்லறைச் சாவியைத் தன் கையில் வைத்திருப்பதைப் பற்றி ஏன் பேசுவதில்லை? அதற்கு நாடாளுமன்றத் திருத்தம் தேவையில்லையே.

எண்ணிக்கையும் அவர்களுக்குத் தெரியும். இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணமே சொல்கிறது. முதல் தலித் கர்தினால் கிடைக்க 2022 ஆனது. தலித்துகளைப் பிரித்து வைக்கக் கூடாது என்று 2003இல் தமிழக ஆயர்களிடமே இரண்டாம் யோவான் பவுல் நேரில் சொல்லி அனுப்பினார். ஐந்தாவது ஆண்டில் எறையூர்.

என் ஆயா இறந்தது ஓர் ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. எந்தப் பங்கு என்பது வேண்டாம். உயிர்ப்பு இரவில் ஏற்றிய பாஸ்கா திரியை முறைப்படி அவர் பெட்டியின் பக்கத்தில் வைத்துத்தான் பூசை நடந்தது. பூசை முடிந்ததும் ஒருவர் வந்து அப்பாவிடம் மெல்லச் சொன்னார்: "பெரிய தெருவுல தேர் வேல நடக்குது. பின்பக்கமாவே போயிடுங்க." தேர் வேலை எதுவும் நடக்கவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டியைப் பின்பக்கமாகவே தூக்கிக்கொண்டு போனோம்.

பல ஆண்டு கழித்து, ஆய்வுக்காக அதே பங்கின் கல்லறைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். இரண்டு நோட்டுகள் வந்தன. ஒன்று நல்ல அட்டை போட்டது. இன்னொன்று பள்ளிக்கூட நோட்டு. "ஏன் சாமி ரெண்டு?" என்றேன். "கணக்கு பார்க்க வசதியா இருக்கும்னு முன்னாடி இருந்த சாமியார் வச்சது தம்பி. அப்படியே போய்க்கிட்டு இருக்கு" என்றார் பங்குத்தந்தை. நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தார். ஆயாவின் பெயர் பள்ளிக்கூட நோட்டில் இருந்தது.

ஆயர்களுக்கும் பங்குத்தந்தையர்க்கும் கேட்பதற்கு அதிகமில்லை. அடுத்த உயிர்ப்பு இரவுக்குள் இரண்டு நோட்டையும் ஒன்றாக்குங்கள். பெரிய தெருவில் முதல் சவ ஊர்வலம் போகும்போது வெள்ளை அங்கியோடு நீங்கள் முன்னால் நடங்கள். சுவருக்கு இறையியல் மாநாடு எதுவும் வேண்டாம். ஒரு கடப்பாரை போதும், ஆட்கள் நாங்கள் வருகிறோம்.