ஆட்டப் பலகை: இந்தப் பருவத்தில் வாங்கியவை

தசராவுக்கு முன்னர் போனஸ் கைக்கு வந்ததும், நமது வட்டத்து அன்பர்கள் பலர் வீட்டில் புதிதாக ஓர் ஆட்டப் பெட்டி வந்து சேர்ந்திருக்கிறது. “நீர் என்ன வாங்கினீர்? என்ன விலை? கொடுத்த காசுக்குப் பெறுமா?” என்று கேட்டு மூன்று கடிதங்கள் வந்துள்ளன. வாங்கியதை விலையோடும் குறையோடும் சொல்வது இப்பகுதியின் வழக்கம். ஆகவே வீட்டுக் கணக்குப் புத்தகத்தை என் மனைவியிடம் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் பல்லாங்குழி. மடக்கி வைக்கத்தக்க மரப் பலகை. பக்கத்துக்கு 7 ஆக 14 குழிகள். தபால் செலவு உட்பட ரூ. 650. மரம் நல்ல மரம். குழிகள் ஆழமாகவும் வழவழப்பாகவும் கடையப்பட்டிருக்கின்றன. கீல்தான் சற்றுத் தளர்ச்சி. ஒரு திருகாணியில் சரியாகிவிட்டது. ஆனால் பலகையுடன் சிறு துணிப்பையில் வந்த காய்களைப் பற்றித்தான் இம்மாதம் முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையை அவிழ்த்துப் பார்த்தால் சிவப்பில் கறுப்புப் பொட்டிட்ட குன்றிமணிகள்!

பார்ப்பதற்கு எத்தனை அழகோ அத்தனை ஆபத்து அது. பொற்கொல்லர் தங்கம் நிறுத்த அதே குன்றிமணிதான். அதன் பருப்பில் ‘ஆப்ரின்’ என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. மேலோடு உடையாமல் முழுதாக விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும் என்பர். கடித்து மென்றுவிட்டாலோ, கோப்பதற்காகத் துளையிட்ட மணியாக இருந்தாலோ, மிகச் சிறிய அளவே உயிருக்கு உலையாகும். வாந்தியும் பேதியும் உடனே தோன்றாமல் சில மணி நேரம் கழித்தும், சிலருக்கு மறுநாளும் தொடங்கக்கூடும். ஆகையால் குழந்தை வாயில் போட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே, அடையாளம் தெரியட்டும் என்று காத்திராமல், மீதி மணிகளையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். ‘காய் அழகாக இருக்கட்டும் என்றுதான் வைத்தோம்’ என்று பதில் வந்தது. அவர் பெயர் இங்கு வேண்டாம். இவ்விதம் குன்றிமணியோடு அனுப்புகிறவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. தவழும் குழந்தை உள்ள வீட்டார் இன்றே பையை அவிழ்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மஞ்சாடி வேறு, குன்றிமணி வேறு. மஞ்சாடி சற்றுப் பெரியது, தட்டையானது, முழுவதும் சிவப்பு, கறுப்புப் பொட்டு கிடையாது. ஆட்டத்துக்கு அது ஏற்றதே; ஆயினும் பச்சையாகத் தின்னத் தக்கதன்று. தொண்டையிலும் அடைத்துக்கொள்ளும். எனக்கு எல்லாவற்றிலும் உகந்தது புளியங்கொட்டைதான். என்ன செய்வது, இப்போது மாதச் சாமானில் வருவதெல்லாம் கொட்டை நீக்கிய புளி! எங்கள் பேட்டை மளிகைக்காரரிடம் மராத்தியில் ‘சிஞ்சோகே’ என்று கேட்டேன்; ஒரு பொட்டலம் நிறையக் கட்டிக் கொடுத்தார். குழிக்கு 5 வீதம் 70, 6 வீதம் 84, 12 வீதம் ஆடுகிறவர்களுக்கு 168 வேண்டும்.

இந்தப் பலகை எங்கள் குடியிருப்பில் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். மேல் மாடியில் எங்கள் அலுவலகத் தோழர் ஒருவரின் தாயார் இருக்கிறார், எழுபதைக் கடந்தவர். ஊரை விட்டு மகனோடு வந்து ஐந்தாண்டுகள் ஆகியும் இந்தியும் மராத்தியும் நாவில் ஏறவில்லை. கீழே இறங்கினால் பேசுவார் யாருமில்லை என்று அறையிலேயே இருந்துவிடுவார். என் மகளோ எதை எண்ணினாலும் ‘ஏக், தோன், தீன்’ என்றுதான் எண்ணுவாள். பலகை வந்த மறுநாள் அந்த அம்மாள் படியிறங்கி வந்தார். “நாலு சேர்ந்தா பசுடி! எடுத்துக்கோ!” என்று அவர் கூவுவதும், “பாட்டி, அது என் குழி!” என்று இவள் மறுப்பதும் இப்போது மாலைதோறும் நடக்கிறது. எண்ணுவது தமிழில். பாட்டி தப்பாட்டம் ஆடுகிறார் என்பது மகளின் புகார். அதில் உண்மை இல்லாமலுமில்லை.

இரண்டாவது, கஞ்சிபா. இதை நான் தனியாக வாங்கவில்லை, வாங்கவும் இயலாது. கையால் தீட்டிய முழுக் கட்டு பல ஆயிரம் ரூபாய் ஆகும். நண்பர் மூவராகப் பங்கு போட்டு, பாஸ் எடுத்துக்கொண்டு, தாதரிலிருந்து துதாரி எக்ஸ்பிரஸில் சாவந்த்வாடி ரோடு சென்று, அங்குள்ள அரண்மனையில் நேரிலேயே வாங்கி வந்தோம். அழிந்துகொண்டிருந்த இக்கலைக்குச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மறுவாழ்வு கொடுத்தவர்கள் அந்தச் சமஸ்தானக் குடும்பத்தார். சித்திரக்காரர்கள் அமர்ந்து வட்டச் சீட்டில் தூரிகை ஓட்டுவதை அங்கே பார்க்கலாம். சீட்டுக்குப் பூசும் பசையில் புளியங்கொட்டைப் பொடி சேர்வது தொன்றுதொட்ட வழக்கம். புளியங்கொட்டைக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

தசாவதாரக் கட்டில் 120 சீட்டுகள். அவதாரத்துக்கு ஒன்றாகப் பத்து இனம். ஒவ்வொன்றிலும் அரசன், மந்திரி, பிறகு 1 முதல் 10 வரை. மூவர் ஆட்டம், ஆளுக்கு 40 சீட்டு. வட்டச் சீட்டு நாற்பதைக் கையில் விசிறிபோல் பிடிப்பதற்கே முதல் நாள் போதவில்லை. ஐந்து இனங்களில் 10 உயர்ந்தது, மற்ற ஐந்தில் 1 உயர்ந்தது என்பதை மனத்தில் இருத்துவது அதைவிடக் கடினம். பாபர் 1527-இல் சிந்துவிலிருந்த நண்பர் ஒருவருக்குக் கஞ்சிபா சீட்டு அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். முகலாயர் ஆடிய 8 இனக் கட்டுக்கு 96 சீட்டு. அதைத் தசாவதாரமாக வளர்த்தது நம் நாட்டார் கைவண்ணம். கொடுத்த காசுக்குப் பெறுமா? ஆட்டத்துக்கு மட்டும் என்றால் பெறாது. மீனும் ஆமையும் கோடரியுமாகத் தீட்டிய அச்சித்திரங்களுக்குப் பெறும். ஈரக் கையால் மட்டும் தொடலாகாது.

மூன்றாவது, ‘டிக்கெட் டு ரைடு’ என்னும் மேல்நாட்டு ரயில் ஆட்டம். ஆலன் மூன் என்பவர் அமைத்து 2004-இல் வெளிவந்து, அவ்வாண்டே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வு பெற்றது. ஊரை மாற்றிக்கொண்டு போகும் எஞ்சினியர் ஒருவரிடம் பழைய பெட்டியாக ரூ. 1,800-க்குக் கிடைத்தது. பழையது வாங்குவோர் பணம் கொடுக்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டும்: நிறத்துக்கு 45 வீதம் 5 நிறத்தில் ரயில் பெட்டிகள், 8 நிறங்களில் 12 வீதமும் எஞ்சின் 14-மாக 110 சீட்டுகள். என் பெட்டியில் நீலத்தில் இரண்டு காணாமற்போயிருந்தன. ஆனால் தயாரித்தவர்கள் ஒவ்வொரு நிறத்திலும் சில உபரி வைத்தே அனுப்புகிறார்களாதலால் 45-க்குக் குறையவில்லை.

அமெரிக்கப் படத்தில் நகரத்துக்கு நகரம் பாதை போட்டு, கையிலுள்ள டிக்கெட்டைப் பூர்த்தி செய்ய வேண்டும். ஆறு பெட்டிப் பாதைக்கு 15 புள்ளி. ஒரு பெட்டிப் பாதைக்கு ஒன்றே. பூர்த்தியாகாத டிக்கெட்டுக்கு அதன் மதிப்பு முழுவதும் கழிக்கப்படும். நம் கவுண்டரில் டிக்கெட்டை ரத்து செய்தால் ஏதோ கொஞ்சம்தான் பிடிப்போம். இங்கே இரக்கமே கிடையாது. பகலெல்லாம் டிக்கெட் கொடுத்துவிட்டு வந்தவன் இரவிலும் அதையே செய்கிறேன் என்று வீட்டில் பரிகாசம். இந்திய வரைபடம் ஒன்றும் தனியாக உண்டு. 1911-ஆம் ஆண்டுப் பாதைகளோடு 2011-இல் வெளிவந்தது. அதை ஆட முதல் பெட்டியின் ரயில்கள் வேண்டும். அடுத்த போனஸ் வரட்டும்.

கேரம் பலகை வாங்க நினைத்துக் கேட்டிருக்கும் நாக்பூர் அன்பருக்கு: ஆடும் தளம் 29 அங்குலச் சதுரமாக இருக்கட்டும், பலகை மெலிந்திருந்தால் மழைக்காலத்தில் வளைந்துவிடும். நடுவில் நூல் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கரக்பூரிலிருந்து ஒரு சகோதரி, தம் மாமியார் சொல்லக் கேட்டு 23 முனைகளும் துணியில் தையலிட்டு ஆடு புலி ஆட்டம் செய்திருப்பதாக எழுதியுள்ளார். 3 புலிக்குச் சிவப்புப் பொத்தான், 15 ஆட்டுக்கு வெள்ளைப் பொத்தான். செலவு ரூ. 40. இம்மாதம் வந்த கடிதங்களில் என்னைப் பொறாமைப்பட வைத்தது இதுதான். ஆடுகள் பதினைந்தும் இறங்கிய பிறகே நகரலாமா, முன்பே நகரலாமா என்று வினவுகிறார். எங்கள் பக்கத்தில் எல்லாம் இறங்கிய பிறகுதான். வேறு வழக்கமுள்ள வீட்டார் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை 4 மணிக்குச் சங்க மண்டபத்தில் மேற்சொன்ன மூன்றும் மேசைக்கு வரும். கஞ்சிபாவில் பங்காளி ஒருவருக்கு அன்று டியூட்டி. ஆகையால் மூன்றாம் கை ஒன்று தேவை. பகலாட்டமாதலால் ராமன் இனத்து அரசனை வைத்திருப்பவரே முதலில் இறங்குவார், இருட்டிவிட்டால் கிருஷ்ணன்.