காற்று எழுமுன் கற்கும் தொழில்

கிரேக்கத் தீவுகளிடையே வாடகைப் பாய்ப்படகு செலுத்தும் கப்டனை, வல்வெட்டித்துறையார் வழக்கில் தண்டையல் என்பேன். அவருடைய தொழில் யூலையில் தொடங்குவதாகவே பலர் எண்ணுகின்றனர். அது ஏப்ரல், மே மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

மாரியில் கரையேற்றிய படகுகளை அடிப்பாகத்துக்கு வர்ணம் பூசி நீரில் இறக்குவது அப்போதுதான். பாய், கயிறு, இயந்திரம், நங்கூரச் சங்கிலி யாவற்றையும் சோதிக்கவேண்டும். முன்னே நங்கூரமிட்டு, பின்புறமாகச் சென்று இறங்குதுறையில் கட்டும் வித்தையைப் பழக, நெரிசலற்ற அந்நாட்களே உகந்தவை. ஓகஸ்டில் அயற்படகின் சங்கிலிமேல் நங்கூரம் விழுந்தால் துறைமுகமே வேடிக்கை பார்க்கும்.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஈஜியன் கடலில் 'மெல்தெமி' எனும் வடகாற்று, தெளிந்த வானத்தின் கீழும் நாட்கணக்காக அடிக்கும். விருந்தினருக்கோ மிக்கோனொஸ் போயாகவேண்டும். பணம் கொடுத்தவர் அவர். "இன்று போகமுடியாது" என்று சொல்லவேண்டியவர் தண்டையல். ஒதுங்கத்தக்க குடாக்களை மே மாதத்திலேயே பார்த்துவைத்தவருக்கே அந்தத் துணிவு வாய்க்கும்.

ஆகவே, பருவத்துக்கு முந்திய வாரங்களுக்கும் முழுச் சம்பளம் கொடுப்பதே நியாயம். அதை வீண்செலவென்று கருதும் படகுச் சொந்தக்காரர், பயணிகளின் உயிர்ப்பாதுகாப்பிலேயே மிச்சம் பிடிக்கிறார்.