தலைவலிதானாம்!

நாடகம் எழுதுகிறவன் கைக்கு எளிதில் அகப்படும் சாக்கு ஒன்று உண்டு. கடன்காரன் கதவைத் தட்டுவான். வீட்டுக்காரர் உள்ளே ஓடிப் படுத்துக்கொண்டு, "தலைவலி என்று சொல்லிவிடு" என்பார். கொட்டகை குலுங்கச் சிரிக்கும். நானும் இரண்டு நாடகங்களில் இந்தச் சாக்கை வைத்துக் கைதட்டல் வாங்கியவன்தான். கையொடிந்தவனை மேடையிலே காட்டக் கட்டுத்துணி போதும். கண்ணிழந்தவனைக் காட்டக் கறுப்புக் கண்ணாடி போதும். தலைவலிக்காரனை எந்த ஒப்பனைக்காரர் காட்டமுடியும்? முகம் தெளிவாக இருக்கும். மண்டைக்குள்ளே சம்மட்டி அடி விழுந்துகொண்டிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத நோய் என்பதால்தான் அது பொய்யனுக்குச் சாக்காகிறது. அதே காரணத்தால்தான், மெய்யாகவே துடிப்பவனின் வாயை அடைக்கவும் அது பயன்படுகிறது.

2020 சனவரி 8ஆம் நாள், ஈராக்கிலுள்ள அல் அசாத் படைத்தளத்தின்மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. அமெரிக்கர் ஒருவருக்கும் தீங்கில்லை என்று அன்றே அறிவித்தது வாஷிங்டன். எட்டு நாள் சென்றதும் 11 பேர் என்றார்கள். பிறகு 34 என்றார்கள். 50 ஆயிற்று, 64 ஆயிற்று, பிப்ரவரியிலே 109 ஆயிற்று! குருதி சிந்தாத காயம், தோழனே! வெடிப்பின் அதிர்ச்சி மண்டையோட்டுக்குள்ளே மூளையைக் குலுக்கிவிட்ட காயம். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த நேரத்திலே, டாவோஸ் நகரில் செய்தியாளர்கள் குடியரசுத் தலைவர் டிரம்ப் அவர்களிடம் இதுபற்றிக் கேட்டார்கள். தலைவலி முதலான சில என்று கேள்விப்பட்டதாகவும், அது பெரிதாக ஒன்றுமில்லை என்றும் அவர் விடையிறுத்தார். கடன்காரனுக்காக நான் எழுதிய உரையாடல், உலகப் பெருமுதலாளிகள் கூடிய மாநாட்டில் ஒலித்தது!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

அதே ஆண்டில், அந்தப் "பெரிதல்லாத" காயத்திற்காக 29 பேருக்குப் போர்க்காயம் பட்டோருக்குரிய ஊதா இதயப் பதக்கம் அளித்தார்கள். 2021இல் மேலும் 39 பேருக்கு ஒப்புதல் தந்தார்கள். நெஞ்சிலே பதக்கம் சரி. சீருடையைக் களைந்து ஊர் திரும்பிய பிறகு, அந்த நெஞ்சுக்கு மேலிருக்கும் தலைக்கு என்ன வழி?

அங்கே முன்னாள் படைவீரர் துறை என்று தனியொரு துறையே இருக்கிறது. உடற்குறை உதவித்தொகை கேட்பவன் மூன்றை மெய்ப்பிக்கவேண்டும்: இன்று நோய் இருக்கிறது, படைப்பணியில் இன்னது நேர்ந்தது, அதனால் இது விளைந்தது. கால் போனவனுக்கு இது கடினமல்ல. ஒற்றைத் தலைவலிக்காரன் நிலை அதுவா? வெளிச்சம் பட்டால் வேதனை, ஓசை கேட்டால் வாந்தி, இருட்டறையிலே நாளெல்லாம் முடக்கம். மறுநாள் எழுந்து நடமாடும்போது, நேற்றைய வேதனைக்கு உடலிலே ஒரு வடு உண்டா காட்டுவதற்கு?

அளவுகோல் ஒன்று வைத்திருக்கிறார்கள். 8100 என்பது அந்த நோய்க்குரிய எண். ஆளை வீழ்த்திப்போடும் தாக்குதல் இரண்டு மாதத்திற்கு ஒன்று வந்தால் 10 விழுக்காடு. மாதம் ஒன்று வந்தால் 30. மிக அடிக்கடி வந்து, நீடித்து, பிழைப்பையே கடுமையாகக் குலைப்பதானால் 50. அதுதான் உச்சம். 2025ஆம் ஆண்டுக் கணக்கில், சார்ந்திருப்போர் இல்லாத வீரனுக்கு 10 விழுக்காடு என்றால் மாதம் 175 டாலர் சொச்சம். 50 என்றால் 1,102 டாலர். வீழ்த்திப்போடும் என்ற ஒரு சொல்லில் வீட்டு வாடகையே அடங்கியிருக்கிறது. அந்தச் சொல்லுக்கோ, விதியிலே விளக்கம் கிடையாது!

"வேலைக்குப் போகிறாயே, உனக்கேன் 50?" என்று கேட்கத் தோன்றுமல்லவா? படைவீரர் முறையீடுகளுக்கான நீதிமன்றம் 2004இல் இதற்கு விடை சொன்னது: அடியோடு வேலை செய்யமுடியாதவனாக இருக்கவேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவனை, போகிறான் என்பதற்காகவே தண்டிக்கலாகாதல்லவா?

இன்னொரு முட்டுக்கட்டை, ஏடு. "பணியிலிருந்தபோது தலைவலி என்று மருத்துவ ஏட்டிலே பதிவில்லையே!" குண்டு விழும் களத்தில் எவன் தலைவலிக்கு மருத்துவரைத் தேடி ஓடுவான்? ஓடினால் கோழை என்பார்கள். ஓடாவிட்டால் பொய்யன் என்கிறார்கள்! அக்கால ஏட்டில் பதிவில்லை என்ற ஒன்றை மட்டும் காரணம் காட்டி வீரனின் வாக்குமூலத்தைத் தள்ளக்கூடாது என்று 2006இல் மேல் நீதிமன்றம் கூறியிருக்கிறது.

எல்லோரும் மெய்தான் சொல்வார்களா என்று நீ கேட்கலாம். கருவூலக்காரர்கள் கேட்பதும் அதுதான். சொல்லமாட்டார்கள் சிலர், மனிதர்கள்தானே! ஆனால் அந்த நாட்டுச் சட்டமே இதற்கு முடிவு கட்டியிருக்கிறது. சான்றுகள் இருபுறமும் சமமாக நின்றால், ஐயத்தின் பயன் வீரனுக்கே. போருக்கு அனுப்பிய அன்று ஐயம் இல்லாதிருந்தவர்களுக்கு, பணம் எண்ணும் நேரத்தில் மட்டும் ஐயம் வரலாமா?

மேல்முறையீடு செய்யலாமே என்பார்கள். அந்தக் கதவின் வரலாற்றையும் கேள். வீரனுக்காக வாதாடும் வழக்கறிஞர் 10 டாலருக்குமேல் பெறக்கூடாது என்று 1864இல் சட்டம் செய்தார்கள். உதவித்தொகையை வழக்கறிஞர் விழுங்கிவிடக்கூடாதாம், நல்ல எண்ணந்தான். ஆனால் நூறாண்டு கடந்தும் 10 டாலர் 10 டாலராகவே நின்றது! அந்தக் கூலிக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? 1985இல்கூட உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. 1988இல்தான் தளை தளர்ந்தது; வாரியத்தின் முடிவைத் தட்டிக் கேட்கத் தனி நீதிமன்றமும் அப்போதுதான் பிறந்தது. அதுவரை துறை சொன்னதே முடிந்த முடிவு! 2017இல் மற்றொரு சட்டம் செய்து மூன்று பாதை வகுத்தார்கள்: புதுச் சான்றோடு மீண்டும் கேட்கலாம், மேலதிகாரி பார்க்கக் கேட்கலாம், வாரியத்திற்கே போகலாம். பாதை மூன்றானாலும், நடப்பவனுக்குத் தலைவலி ஒன்றுதான்.

ஆகவே அங்கே விவரமறிந்தோர் வீரனுக்குச் சொல்லும் முதல் அறிவுரை, ஒரு குறிப்பேடு வாங்கு என்பது. இருட்டறையிலே அவன் கிடக்க, எழுதுவது பெரும்பாலும் மனைவியாகத்தான் இருப்பாள். தாக்குதல் தொடங்கிய நேரம், அவன் எழுந்த நேரம், வேலைக்குப் போகாத நாள், குழந்தைகள் சத்தமிடாதிருக்கப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாள்... அவள் கண்டதும் சான்றாகும் என்கிறது சட்டம். வாரியத்திலிருந்து மடல் வரும்வரை எழுதிக்கொண்டே இருக்கிறாள். ஏடு தீர்ந்தால் இன்னொன்று வாங்குகிறாள்.