மதில் இடிந்தது யாரால்?



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று மறையுரையில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரைப் பற்றிப் பேச நேர்ந்தது. பேச்சின் வேகத்தில், "சோவியத் பொதுவுடைமை ஆட்சியைத் துப்பாக்கி தூக்காமலே வீழ்த்தியவர் அவரே" என்று சொல்லிவிட்டோம். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது பெரியவர் ஒருவர் கோவில் வாசலில் காத்திருந்தார். பஞ்சாலையில் நெடுங்காலம் உழைத்தவர்; செங்கொடிச் சங்கத்தில் இருந்தவர்; ஞாயிறு பூசையைத் தவறவிடாதவருங்கூட. "சாமி, போலந்திலே வேலைநிறுத்தம் செய்தவர்கள் எங்களைப் போலத் தொழிலாளிகள்தானே? அவர்களுக்குப் பங்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமில்லை, மனத்தாங்கல் இருந்தது. தக்க விடை அப்போது நம் நாவில் எழவில்லை. ஆகவே இம்மாதப் பகுதியை அவருக்குரிய விடையாக எழுதுகின்றோம்.

1991-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் மாலையில் கொர்பச்சேவ் பதவி துறந்தார். கிரெம்ளின் மாளிகையின்மேல் பறந்த செங்கொடி இறக்கப்பட்டது. அன்றுதொட்டு அவ்வீழ்ச்சிக்கு உரிமை கொண்டாடுவோர் பலர்.

அமெரிக்கர் பலர் ரீகனைச் சுட்டுவர். அவர் படைக்கலப் போட்டியால் சோவியத் நாட்டைத் திணறச் செய்தார். 1987 ஜூன் 12-ஆம் நாள் பெர்லின் மதிலருகே நின்று, அதனை இடித்துத் தள்ளுமாறு அறைகூவினார். அதே ஆண்டு டிசம்பரில் கொர்பச்சேவுடன் அமர்ந்து, நடுத்தர ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிடவும் செய்தார். உறுதியும் உரையாடலும் அவரிடம் சேர்ந்திருந்தன என்பது மெய்யே. ஆயினும் வெளி அழுத்தம் ஒன்றே போதுமாயின், நாற்பது ஆண்டுக்காலப் பனிப்போரில் அப்பேரரசு முன்னமே கவிழ்ந்திருக்க வேண்டுமன்றோ?

பொருளியலார் உள்நோயைக் காட்டுவர். பரந்த விளைநிலம் கொண்ட நாடு வெளிநாட்டுத் தானியத்தை எதிர்பார்த்து நின்றது. 1986-ல் எண்ணெய் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 1979 முதல் 1989 வரை நடந்த ஆப்கானியப் போர் ஏறத்தாழ 15,000 சோவியத் வீரரைப் பலிகொண்டது. 1986 ஏப்ரல் 26-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது உண்மை மறைக்கப்பட்டது. சில நாட்களில் அருகிருந்த கீவ் நகரில் மே தின ஊர்வலம் வழக்கம்போல் நடத்தப்பட்டது. தன் பிள்ளைகளையே ஏமாற்றும் அரசை எவர் நம்புவர்? எனினும் உளுத்த மரமும் காற்றில்லாத இடத்தில் நெடுநாள் நிற்கும்.

இனி, கொர்பச்சேவ். 1956-ல் புடாபெஸ்டு நகருக்கும் 1968-ல் பிராகா நகருக்கும் சென்ற சோவியத் டாங்கிகள் 1989-ல் கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் எந்நகருக்கும் புறப்படவில்லை. ஓங்கக்கூடிய கையை ஓங்காதிருப்பதும் வரலாற்றில் ஒரு பெருஞ்செயலே. ஆனால் அவர் நாடியது சீர்திருத்தம், முடிவன்று. 1991 ஜனவரியில் லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரில் சோவியத் படையின் தாக்குதலில் 14 பேர் மாண்டதையும் மறத்தலாகாது.

நம் திருத்தந்தையின் பங்கு யாது? 1979 ஜூன் 2 முதல் 10 வரை அவர் தம் தாய்நாட்டில் ஒன்பது நாள் பயணம் செய்தார். இலட்சக்கணக்கான மக்கள் திரண்டனர். அரசை எதிர்த்துக் கிளம்புமாறு அவர் கூறவில்லை. ஆனால் அதுவரை தனித்தனியே அஞ்சி வாழ்ந்தோர், தாம் எத்துணைப் பேர் என்பதை அன்று கண்ணாரக் கண்டனர். அச்சம் தளர்ந்தது. அவரின்றிக் கிழக்கு ஐரோப்பாவில் அம்மாற்றங்கள் நிகழ்ந்திரா என்னும் கருத்தைக் கொர்பச்சேவே 1992-ல் இத்தாலிய நாளிதழ் ஒன்றில் எழுதினார். திருத்தந்தையோ, மரம் ஏற்கெனவே உளுத்திருந்தது, தாம் அதை அசைத்ததே உண்டு என்னும் பொருள்படக் கூறியதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர்.

ஓராண்டு கழிந்தது. 1980 ஆகஸ்டில் கதான்ஸ்க் துறைமுகத்தின் கப்பல் கட்டும் தளத்தில், பாரந்தூக்கி இயக்கும் அன்னா வாலன்டினோவிச் என்னும் பெண் தொழிலாளி, ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்க, வேலைநீக்கம் செய்யப்பட்டார். உடன் உழைத்தோர் வேலையை நிறுத்தினர். அத்தளத்தின் பெயரோ லெனின் பெயர்! தொழிலாளர் ஆட்சி என்று தன்னை அழைத்துக்கொண்ட ஆட்சியைத் தொழிலாளரே எதிர்த்து நின்றனர். தளத்தின் வாயிற்கதவில் தேவமாதாவின் படமும் திருத்தந்தையின் படமும் தொங்கின. மின்பணியாளர் லெக் வலேசாவின் தலைமையில் எழுந்த 'சாலிடாரிட்டி' சங்கத்தில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் சேர்ந்தனர்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1981 டிசம்பர் 13-ல் இராணுவச் சட்டம் வந்தது. மூன்றாம் நாள் வூயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொழிலாளருக்குத் துணைநின்ற இளங்குரு எர்சி பொப்பியெவுஷ்கோ 1984 அக்டோபரில் இரகசியக் காவலரால் கடத்திக் கொல்லப்பட்டார். வித்து இவ்வாறு மண்ணில் விழுந்த பின்னரே 1989 ஜூன் 4-ஆம் நாள் தேர்தலில் சாலிடாரிட்டி வென்றது.

போலந்து மட்டுமா? 1989 ஆகஸ்டு 23-ல் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மக்கள் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் 600 கிலோமீட்டருக்கு மேல் கைகோத்து நின்றனர். அக்டோபர் 9-ல் லைப்சிக் நகரில், லூத்தரன் சகோதரரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்துச் செபக் கூட்டங்களிலிருந்து வளர்ந்த இயக்கத்தில் 70,000 பேர் அமைதியாக வீதியில் நடந்தனர். ஒரு திங்கள் கழிந்து, நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் மதில் திறந்தது. மாஸ்கோவில் மனித உரிமைக்காகக் குரல்கொடுத்து, 1980 முதல் 1986 வரை கார்க்கி நகரில் காவலில் கிடந்த அறிவியலார் சகாரவ் எக்கோவிலுக்கும் செல்பவரல்லர். அவர் பங்கை நாம் நம் கணக்கில் எழுதிக்கொள்வது களவாகும்.

திருத்தந்தை 1991 மே 1-ஆம் நாள் வெளியிட்ட 'நூறாம் ஆண்டு' என்னும் சுற்றுமடலில் 1989-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை ஆராய்கின்றார். அங்கே அவர் முதலில் சுட்டும் காரணம் தொழிலாளரின் உரிமைகள் மீறப்பட்டமை. அடுத்து, பொருளாதார அமைப்பின் திறமையின்மை. அனைத்துக்கும் அடியில், இறைவனை விலக்கியதால் மனித உள்ளத்தில் உண்டான வெறுமை. தம் பெயருக்கு அவர் அதில் இடம் தேடவில்லை. பொதுவுடைமை வீழ்ந்தமையால் முதலாளித்துவம் ஒன்றே வழி என்று எண்ணலாகாது எனவும் எச்சரிக்கின்றார்.

பெரியவரே, உமது கேள்விக்கு விடை இதுவே: உமக்குப் பங்கு உண்டு, அதனை முதலில் எழுதி வைத்தவர் நாம் புகழ்ந்த அதே திருத்தந்தைதாம். அவர் பெயரைச் சொல்லித் தொழிலாளியை மறந்த குற்றம் நம்முடையது. நம் ஊரிலும் ஓய்வுக்குச் சில மாதம் இருக்கையில் வேலையிழக்கும் அன்னாக்கள் உளர். அவர்கள் பக்கம் நிற்காமல், எங்கோ வீழ்ந்த மதிலுக்கு உரிமை கொண்டாடுவது நமக்கு அழகாகுமோ?

நட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் வேறொருவர், விளையச் செய்பவர் இறைவன் என்பது புனித சின்னப்பர் கொரிந்தியருக்குக் கற்பித்த பாடம். அதனை அடுத்த ஞாயிறு மறையுரையில், சென்ற மாதம் நாம் சொன்னதைத் திருத்தி, அன்னாவின் பெயரோடு சேர்த்துச் சொல்வோம்.