ஆச்சியின் குப்பியும் பத்துக் கோடி கிருமிகளும்

காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டுப் பசியோடு திரும்பியவர் யாராவது உண்டா? சென்ற மாதம் நான் போன வீட்டிலும், உட்கார்ந்த கால் மணிக்குள் வெள்ளைப் பணியாரம், தேங்குழல், மாவுருண்டை எல்லாம் வந்துவிட்டன. கொண்டுவந்து வைத்த ஆச்சி மட்டும் எதையும் தொடவில்லை.

“நீங்க சாப்பிடுங்க தம்பி. எனக்குக் கொழுப்பு ஏறிப் போச்சாம்” என்றார்.

ஏறியது எப்படி என்பதுதான், நேயர்களே, இந்த வாரத்து விஷயம். ஆச்சிக்கு அறுபது வயது. சரீரம் சற்றுக் கனம். டாக்டர் கொடுத்த ஸ்டாடின் மாத்திரையால், கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 110-ல் அடங்கியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து மகன் ஒரு குப்பி அனுப்பினார். உள்ளே ‘நல்ல கிருமிகள்’ அடைத்த குளிகைகள். புரோபயாடிக் என்று பெயர். அது கொழுப்பைத் தின்றுவிடும் என்று யாரோ சொல்ல, ஆச்சி மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 168!

குப்பியில் இருப்பது புரட்டா? அப்படியும் சொல்வதற்கில்லை. நம் ஈரல், கொலஸ்டிரலைக் கொண்டு பித்த உப்பு செய்கிறது. அது குடலில் வேலையை முடித்துப் பெரும்பாலும் ஈரலுக்கே திரும்பிவிடும். சில கிருமிகள் அந்த உப்பைப் பிரித்துவிடுவதால், ஒரு பகுதி திரும்பாமல் வெளியேறுகிறது. ஈடுகட்ட, ஈரல் ரத்தத்திலுள்ள கொலஸ்டிரலை எடுத்தாக வேண்டும். கொடுத்த கடன் திரும்பாவிட்டால் பெட்டியிலுள்ள முதலில் கை வைப்பது போலத்தான். செட்டிநாட்டில் இதை விளக்க வேண்டுமா என்ன!

இந்த ஆசைக்கு வயது ஐம்பதுக்கு மேல். ஆப்பிரிக்காவின் மசாய் மக்கள் புளித்த பாலை லிட்டர் லிட்டராகக் குடித்து உடம்பு பெருத்தபோதும் கொலஸ்டிரல் இறங்கியதென்று ஜார்ஜ் மான் என்ற அமெரிக்க டாக்டர் 1974-ல் எழுதினார். 2012-ல் வெளியான ஒரு சோதனையில், லாக்டோபாசில்லஸ் ரியூட்டரி என்ற கிருமியின் குறிப்பிட்ட ஒரு வகையை 9 வாரம் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 11 சதவீதம் குறைந்தது. பேஷ்! ஆனால் அது அந்த ஒரு வகைக்கு. உடல் பருத்தவர்களிடம் நடந்த பல சோதனைகளைக் கூட்டிப் பார்த்தாலோ, டெசிலிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் இறக்கம். சிலவற்றில் அதுவும் இல்லை. பருத்த உடம்பில் சாதாரணமாக ஏறி நிற்கிற டிரைகிளிசரைடு விஷயத்தில் இன்னும் மோசம்: ஒரு சோதனை சொன்னதை அடுத்தது சொல்லவில்லை. நடுத்தர அளவு ஸ்டாடினோ எல்.டி.எல்.லை 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கும்; நிறுத்தினால் சில வாரங்களில் கொழுப்பு பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆச்சிக்கு நேர்ந்தது அதுதான்.

2019-21-ல் எடுத்த தேசியக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை கொண்டவர்கள். ஆகவே ஆச்சி தனி ஆளில்லை. குப்பி வாங்கப் போகிறவர்களும் குறைவாக இருக்கமாட்டார்கள். வாங்குவதானால் கிருமியின் வகைப் பெயர் எண்ணோடு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளைய அளவில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள கிருமிகள் வேண்டும் என்பது நம் நாட்டு விதி. நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

“பழைய சோத்துலயும் அந்தக் கிருமி உண்டாமே?” என்றார் ஆச்சி.

உண்டு. ஆனால் எந்த வகை, எத்தனை என்பது பானைக்குப் பானை மாறும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை ஆராய எடுத்துக்கொண்டதும் குடல் நோய்களுக்காகத்தான், கொழுப்புக்காக அல்ல.

குப்பியை வாங்கிப் பார்த்தேன். ‘குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஆச்சி அதை மூன்று மாதமும் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தாராம்! இப்போது டாக்டரிடம் போய் மீண்டும் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்.

“மகன் அனுப்பினதாச்சே தம்பி, தூக்கிப் போட மனசு வரலை” என்று, குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.